கண்ணுக்குத் தெரியாத ஸ்விட்சும் வெங்காய சாம்பாரும்

எங்கள் லேபில் இருந்த பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயோ என்னவோ, அதைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள்.

நான் அந்த லேபின் அட்டெண்டர். திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பெயர் வேண்டாம். காலையில் கதவைத் திறப்பது, ஏ.சி. போடுவது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மெஷினில் சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கொட்டுவது, நைட்ரஜன் சிலிண்டர் வந்தால் உருட்டி வந்து சங்கிலி போட்டுக் கட்டுவது, தூசி துடைப்பது, டீ வாங்குவது. இதுதான் என் வேலை. படிப்பு ஐந்தாவது வரைக்கும், உப்பிலியபுரம் பக்கம். மேலே படிக்காததற்கு வறுமைதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பெரிய ஸ்கூலில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் நான் நின்றேன். இன்றைக்கும் பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்க எனக்கு வாய் வராது. கண்டக்டராகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருளைச் செய்துகொண்டிருந்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. முப்பதைத் தாண்டியவரை மாணவி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. காலேஜில் மேடம் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர், கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். நானும் ஸ்ரீரங்கத்தில்தான், அடையவளஞ்சான் வீதிக்கு வெளியே வாடகைக்கு இருக்கிறேன். காலையில் ஒரே பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து திருவெறும்பூர் பஸ் பிடிப்போம். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லி அந்தப் பொருளைப் பற்றி விளக்கினார். துடைக்கிற துணியோடு நான் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டுமே.

"உங்க போன்ல ஆன்டெனா இருக்கில்லையா அண்ணா, அது ஒரு நேரம் பேசற சிக்னலுக்கு, ஒரு நேரம் வைஃபைக்கு, இப்படி மாறி மாறி வழி விடணும். அந்த வழியைத் திறந்து மூடறதுக்கு உள்ளே குட்டிக் குட்டியா ஸ்விட்ச் இருக்கு. இப்போ இருக்கற ஸ்விட்சை எல்லாம் கரண்ட் குடுத்துப் பிடிச்சுண்டே இருக்கணும். விட்டா மூடிக்கும்."

"லிஃப்ட் கதவைக் கையால பிடிச்சுட்டே நிக்கிற மாதிரிங்களா?"

"அதேதான். நான் பண்றது வீட்டு ஃபேன் ஸ்விட்ச் மாதிரி. போட்டா போட்டபடி நிக்கும். அணைச்சா அணைச்சபடி நிக்கும். நடுவுல ஒரு சொட்டுக் கரண்டும் வேண்டாம். அதுவும் இனிமே வரப்போற ரொம்ப வேகமான சிக்னலுக்கும் தாங்கணும். அதுக்குத்தான் இவ்வளவு மெல்லிசு."

எவ்வளவு மெல்லிசு என்றால் மூன்று அணு கனம். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த ஒரு தாள். லாரிப் பட்டறையில் பேரிங்குக்குப் போடுகிற கருப்பு கிரீஸில் கலக்கிற சரக்கே அது என்று மேடம் சொன்னார். அந்தத் தாளை இரண்டு தங்கத் துணுக்குகளுக்கு நடுவில் வைப்பார்கள். தாளில் அங்கங்கே ஓர் அணு இல்லாமல் இடம் காலியாக இருக்கும். கரண்டை ஒரு திசையில் தட்டினால் தங்கத்திலிருந்து ஓர் அணு வந்து அந்தக் காலி இடத்தில் உட்காரும், வழி திறந்துகொள்ளும். எதிர்த் திசையில் தட்டினால் எழுந்து போய்விடும். சத்திரம் பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டவர் பாய்ந்து உட்காருகிற மாதிரிதான். என்ன ஒன்று, இந்த அணு எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கும்.

இவ்வளவும் நகத்தில் பாதி அளவுள்ள ஒரு சில்லின் மேல் இருந்தது. அதில் வரிசை வரிசையாக நிறைய ஸ்விட்சுகள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தங்கம் மட்டும் கோலப்புள்ளி மாதிரி தெரியும். தாள் தெரியாது. அந்த ஸ்விட்சுகளில் எப்போது கேட்டாலும் ஒழுங்காக வேலை செய்தது ஒன்றே ஒன்று. மற்றவை ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்கும், மறுநாள் கேட்காது.

அவற்றுக்கு எமன் நம் உடம்புதான். சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்குவோமே, அந்தக் கரண்ட் நம் மேல் எப்போதும் சேர்ந்துகொண்டே இருக்கிறதாம். நமக்கு அது ஒரு சின்னச் சுளீர். மூன்று அணுத் தாளுக்கு அது தலையில் விழுகிற இடி. அதனால் அந்த மேஜைக்குப் பக்கத்தில் போகிறவர்கள் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டையிலிருந்து ஒரு சுருள் ஒயர் சுவரிலுள்ள எர்த்துக்குப் போகும். கட்டிக்கொண்டால் முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி ஒயர் எட்டுகிற தூரத்துக்குத்தான் போக முடியும். எனக்கு அந்தப் பட்டை பிடித்திருந்தது. யார் எங்கே கூப்பிட்டாலும் போகாமலிருக்க ஒரு நியாயமான காரணம்.

எங்கள் ஹெச்.ஓ.டி. சாருக்கு அது பிடிக்கவில்லை. கௌரவக் குறைச்சல் என்பார். லேபுக்குள் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அது அவர் கண்டுபிடித்த வழி. வழியென்று பார்த்தால் நல்ல வழிதான்.

சேர்மன் அப்படி இல்லை. அவர் மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகில் ஆரம்பித்து, ரைஸ் மில், கல்யாண மண்டபம், காலேஜ் என்று வளர்ந்தவர். மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாலே அதன் வயதையும் குணத்தையும் சொல்லிவிடுவாராம். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். புதுக் கட்டடம் என்றால் தூணைத் தட்டுவார், புது பஸ் என்றால் பானெட்டைத் தட்டுவார், புது லெக்சரர் என்றால் தோளைத் தட்டுவார். அவர் தொட்டது துலங்கும் என்று காலேஜ் முழுக்கப் பேச்சு. அவரிடம் சம்பளம் வாங்குகிற இடத்தில் அப்படித்தானே பேசுவார்கள்.

ஸ்விட்சில் தங்கம் இருக்கிறது என்று ஹெச்.ஓ.டி. ஒரு நாள் அவரிடம் சொல்லிவிட்டார்.

"தங்கமா? எத்தனை பவுன்?" என்றார் சேர்மன்.

"சார், அது கண்ணுக்கே தெரியாத அளவு சார்."

"அப்போ கண்ணுக்குத் தெரியாமலே எடுத்துட்டுப் போயிடலாமேய்யா!" என்று அவர் கவலைப்பட்டார். மறுநாள் லேபுக்கு ஒரு இரும்பு பீரோ வந்து இறங்கியது. மேடம் அதில் காபித்தூளும் டம்ளரும் வைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சி நடந்தது அரசாங்கப் பணத்தில். அதன் தவணை முடிகிற நேரத்தில், டெல்லி கமிட்டியின் தலைவர் நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதம் வந்தது. அவர் கண் முன்னால் ஸ்விட்ச் போட்டால் போட்டபடி, அணைத்தால் அணைத்தபடி நிற்க வேண்டும். நின்றால் மேடத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும், ஆராய்ச்சியை முடித்துவிடுவார். நிற்காவிட்டால், சிக்னல் அளக்கிற மெஷின் வேறு காலேஜுக்குப் போய்விடும். மேடம் முன்பு வேலை பார்த்த பேங்க் பரீட்சை கோச்சிங் சென்டருக்கே திரும்பிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான்.

"ரயில் பிளாட்பாரத்தைக் கடக்க எத்தனை செகண்ட் ஆகும்னு இன்னொரு தடவை போர்டுல எழுதினேன்னா, நானே அந்த ரயில்ல ஏறி எங்கேயாவது போயிடுவேன் அண்ணா" என்றார் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பஸ் வந்ததைக் கவனிக்கவில்லை. அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

கமிட்டி வருவதற்கு முன் ஹெச்.ஓ.டி. ஒரு மீட்டிங் போட்டார். டீ கொடுக்க நான் உள்ளே இருந்தேன். ஸ்விட்சைப் பற்றிய பேச்சு நான் டீயை ஊற்றுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு ஃப்ளெக்ஸ் போர்டு எந்த சைஸ், சேர்மன் படம் இடது பக்கமா வலது பக்கமா, சாப்பாட்டில் பாயசம் சேமியாவா பருப்பா என்று விவாதம் நடந்தது. உலகத்திலேயே மெல்லிய பொருளுக்கு அவர்கள் வைத்த ஃப்ளெக்ஸ் காலேஜ் கேட்டை முழுசாக மறைத்தது. உள்ளே வருகிற பஸ் தெரியாமல் வாட்ச்மேன் இரண்டு தடவை துள்ளி ஒதுங்கினார்.

கடைசியில் மேடம் எழுந்து, "சார், ஒரே ஒரு விண்ணப்பம். லேபுக்குள்ள பொன்னாடை மட்டும் வேண்டாம்" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பொன்னாடை இல்லாம எப்படிம்மா?" என்றார் ஹெச்.ஓ.டி. "வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அது பாலியெஸ்டர் சார். பிரிச்சாலே படபடன்னு பொரியறது. அந்த கரண்ட் ஒண்ணு போதும், ஸ்விட்ச் போயிடும்."

ஹெச்.ஓ.டி. யோசித்தார். "சரிம்மா, உங்க பேச்சுக்கு மரியாதை குடுக்கிறேன். வெளியே வராண்டாவுல போர்த்திட்டு உள்ளே கூட்டிட்டு வரோம்."

போர்த்திக்கொண்டு உள்ளே வந்தால் அது உள்ளே வராதா என்று மேடம் கேட்பதற்குள் மீட்டிங் பாயசத்துக்குத் திரும்பிவிட்டது. பருப்புப் பாயசம் என்று முடிவானது.

அந்த நாள் வந்தது. கமிட்டித் தலைவர் ஒரு பெண்மணி. நரைத்த தலை, பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. டெல்லியில் இருந்தாலும் நன்றாகத் தமிழ் பேசினார். மூன்று மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். வராண்டாவில் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, சேர்மன் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கி, மடித்து, என் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். பிறகு ஹெச்.ஓ.டி. சேர்மனுக்கு ஒன்று போர்த்தினார். அவர் மடிக்கவில்லை. கூடவே வந்த போட்டோகிராபர் இன்னும் படம் எடுத்து முடிக்கவில்லை.

எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு லேபுக்குள் வந்தார்கள். செருப்பு வைக்க வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை உண்டு. கமிட்டித் தலைவர் தானாகவே கறுப்புப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். மேடம் அடுத்த பட்டையைச் சேர்மனிடம் நீட்டினார்.

"காப்புக் கட்டுற வேலை எல்லாம் மாரியம்மன் கோயில்லதான்மா" என்றார் சேர்மன். ஹெச்.ஓ.டி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிதாகச் சிரித்தார்.

மெஷினின் திரையில் ஒரு கோடு கீழே படுத்திருந்தது. ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, சிக்னல் போகவில்லை என்று அர்த்தம். போட்டால் கோடு மேலே ஏறி நிற்கும். மேடம் ஒரு தடவை எல்லோரையும் பார்த்துவிட்டு, "இப்போ போடப்போறேன்" என்றார். அவர் விரல் பட்டனுக்குப் போவதற்குள், சேர்மன் பக்தியோடு முன்னால் வந்து, சில்லின் மேல் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கையைத் தொட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான். புது லாரியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி.

டப் என்று ஒரு சத்தம். ஒரு சின்ன நீலப் பொறி. சேர்மன் கையை உதறினார்.

கோடு மேலே ஏறி நின்றது.

"சார்!" என்று கத்தினார் ஹெச்.ஓ.டி. "நீங்க தொட்டதுமே ஆன் ஆயிடுச்சு சார்! கைராசி சார்!"

எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோகிராபர், "சார், இன்னொரு தடவை தொடுங்க, ஃபிளாஷ் வரல" என்றார். சேர்மன் இன்னொரு தடவை தொட்டார். இந்த முறை தயங்கித்தான் தொட்டார்.

மேடம் கைதட்டவில்லை. திரையைப் பார்த்தபடியே நின்றார்.

கமிட்டித் தலைவர், "நல்லது. இப்போ அணைச்சுக் காட்டுங்க" என்றார்.

"ஆன் ஆனதே பெரிய சாதனை மேடம்" என்றார் ஹெச்.ஓ.டி.

"அணையாத ஸ்விட்சை நாங்க ஒயர்னு சொல்லுவோம் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இந்த இடத்தில் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்று சொன்னால் ஹெச்.ஓ.டி. தாங்கிப் பிடித்திருப்பார், சேர்மனுக்கும் சந்தோஷம். ஆனால் மேடம் பட்டனை அழுத்தினார். கோடு இறங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். "அணையாது மேடம். ஷார்ட் ஆயிடுத்து. இந்த ஸ்விட்ச் இனிமே அவ்வளவுதான்" என்றார்.

கமிட்டித் தலைவர் ஏன் என்று கேட்கவில்லை. சேர்மனின் தோளில் மினுங்கிக்கொண்டிருந்த பொன்னாடையை ஒரு தடவை பார்த்தார். "வேற இருக்கா?"

"இந்த சில்லுலயே இருக்கு மேடம். ஆனா எது நிக்கும்னு தெரியாது. ஒவ்வொண்ணா ஊசி வெச்சுப் பார்க்கணும்."

"பாருங்க. நான் இருக்கேன்."

"மேடம், சாப்பாடு ஆறிடுமே!" என்றார் ஹெச்.ஓ.டி.

"நீங்க எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

அவர்கள் போனதும் மேடம் என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் பேசினார். "அண்ணா, வெளிக்கதவுகிட்ட நில்லுங்கோ. யாரையும் உள்ளே விடாதீங்கோ. யாரையும்."

இரண்டாவது தடவை சொன்ன 'யாரையும்' சேர்மனைத்தான் என்று எனக்குப் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மெஸ்ஸிலிருந்து ஒருவர் அடுக்கு கேரியரும் இரண்டு வாழை இலையும் கொண்டுவந்து கொடுத்தார். "உள்ளே இருக்கிற ரெண்டு பேருக்கும் சேர்மன் குடுக்கச் சொன்னாரு" என்றார். லேபுக்குள் சாப்பாடு போகக் கூடாது. செருப்பு அறையில் வைத்துவிட்டுத் திரும்பி வெளிக்கதவில் நின்றேன்.

பிறகு சேர்மன் வந்தார். தனியாக வரவில்லை. அன்று விருந்துக்கு வந்திருந்த அவருடைய சம்பந்தி குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். தான் தொட்டதும் ஆன் ஆன ஸ்விட்சைக் காட்டுவதற்காக. பட்டுப்புடவைகள், ஒரு சிந்தடிக் ஜிப்பா, ஒரு குழந்தை கையில் பலூன். மேடம் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

நான் கதவின் குறுக்கே நின்றேன். நின்றேன் என்பதைவிட, நகர மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

"தள்ளுய்யா" என்றார் சேர்மன்.

நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருய்யா நீ? புதுசா?"

"அட்டெண்டர்ங்க. ரொம்ப வருஷமா இருக்கேனுங்க."

"நான் பார்த்ததே இல்லையே?"

"ஓரமா நிப்பேனுங்க."

"சரி, இப்பவும் ஓரமா நில்லு. சம்பந்திக்கு ஸ்விட்சைக் காட்டணும்."

உள்ளே ஆராய்ச்சி நடக்கிறது, வரக் கூடாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்காக எங்கள் காலேஜில் யாரும் வாசலில் நின்றது கிடையாது. பரீட்சை ஹாலுக்குள்ளேயே மாலையோடு ஆட்கள் வருவார்கள். எப்படி வந்தது என்று தெரியாது, என் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டது.

"உள்ளே சாப்பிடறாங்கங்க."

சேர்மன் சட்டென்று இரண்டடி பின்னால் போனார். பட்டுப்புடவைகளும் பின்னால் போயின. பலூன் வைத்திருந்த குழந்தையை அதன் அம்மா இழுத்துப் பிடித்தார்.

"அடடா, சாப்பிடறாங்களா? சாப்பிடட்டும், சாப்பிடட்டும். சாப்பிடற இடத்துல போய் நிக்கக் கூடாது" என்றார் சேர்மன். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாம்பார் எப்படி இருக்குன்னாங்க?" என்றார். அன்றைய சாம்பார் அவர் சொந்த மேற்பார்வையில் வைத்தது.

"வெங்காய சாம்பார் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா சம்பந்தி! டெல்லிக்காரங்களே சொல்லிட்டாங்க." அவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பார் வந்தது. அதைச் செருப்பு அறையில் கேரியருக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்கதவின் கண்ணாடியில் மேடத்தின் முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்தபடியே இருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் கமிட்டித் தலைவர், மணிக்கட்டில் பட்டையோடு.

அடுத்து ஹெச்.ஓ.டி. வந்தார். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று, "இன்னுமா?" என்றார்.

"ரசத்துக்கு வந்திருக்காங்க சார்."

"சேர்மன் சொன்னாரு, சாம்பார் நல்லா இருக்குன்னாங்களாமே." கொஞ்சம் யோசித்தார். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு ஸ்ரீரங்கம். வெங்காயமே தொடாதே?"

"பொறுக்கி வெச்சுட்டுச் சாப்பிடறாங்க சார். அதான் லேட்டாகுது."

அவர் தலையாட்டினார். அது அவருக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. ஆனால் போகவில்லை. "நான் ஒரு எட்டு உள்ளே போய் விசாரிச்சுட்டு வந்துடறேனே. கவனிக்கலைன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாரு."

"சார், ஆம்பளைங்க வந்து நின்னா பாதியில எழுந்துடுவாங்க சார்."

"ஓ. ஆமாம், ஆமாம்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். பருப்புப் பாயசம் வந்தது. பிறகு தனியாகத் தயிர் வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. செருப்பு அறையில் செருப்பு வைக்க இடமில்லை.

இரண்டு மணி தாண்டியது. மறுபடியும் சேர்மன் வராண்டா முனையில் தெரிந்தார். "என்னய்யா, எங்க வந்திருக்காங்க?" என்று அங்கிருந்தே கேட்டார். மோர் சாதம் என்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அதற்கு மேல் தமிழ்ச் சாப்பாட்டில் ஒன்றும் இல்லை.

"மறுபடியும் சாம்பார் கேட்டாங்கங்க."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம். இன்னொரு வாளியும் வந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்கதவு திறந்தது. மேடம் வாளிகளைத் தாண்டித் தாண்டி வந்து என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என் கையைப் பிடித்ததில்லை. "நின்னுடுத்து அண்ணா. கடைசி வரிசையில ஒண்ணு. போட்டேன், நின்னுது. அணைச்சேன், நின்னுது. மெஷினையே ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணினேன், போட்டது போட்டபடி இருக்கு. மேடம் அவா கையாலேயே பட்டனை அழுத்திப் பார்த்தா." கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷம் எழுதறேன்னுட்டா."

கமிட்டித் தலைவர் பின்னால் வந்தார். அதற்குள் சேர்மனும் ஹெச்.ஓ.டி.யும் வராண்டாவில் ஓடி வந்துவிட்டார்கள். சேர்மன் முதலில் கேட்டது ஸ்விட்சைப் பற்றி அல்ல.

"சாப்பாடு எப்படி மேடம்? சாம்பார்?"

அந்த அம்மாள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் வயிறு போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சேர்மனைப் பார்த்தார், என் பின்னால் அடுக்கியிருந்த வாளிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பிரமாதம் சார்" என்றார். "வயிறு திம்முனு இருக்கு. மூணு நாளைக்குத் தாங்கும்."

"எங்க ஆளு எல்லாம் சொன்னான்" என்றார் சேர்மன், என் தோளைத் தட்டி. பிறகு இன்னொரு கேரியர் நிறையச் சாப்பாடு கட்டி அந்த அம்மாளின் காரில் ஏற்றச் சொன்னார், வழியில் பசிக்கும் என்று. அந்தக் கார் டிரைவர் மறுநாள் என்னிடம் ஆச்சரியப்பட்டார். "என்னண்ணே அந்த அம்மா, அவ்வளவு சாப்பிட்டுட்டுப் போய், ஏர்போர்ட் வாசல்ல காரை நிறுத்தச் சொல்லி அந்தக் கேரியரையும் காலி பண்ணுது!"

சேர்மன் தொட்ட ஸ்விட்ச் இப்போது அவர் ரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் உள்ளே இருப்பது மேடம் கொடுத்த வெறும் சில்லு. வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "ஆஹா, என்ன மெல்லிசு!" என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மேடம் முன்பக்கம் உட்காரவில்லை. எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்து திரும்பினார்.

"அண்ணா, சேர்மன் என்கிட்ட பேசினா ஒத்துப்போகணுமே. நான் இன்னிக்கு என்னெல்லாம் சாப்பிட்டேன்?"

சொன்னேன். சாம்பார், ரசம், பாயசம், மோர், மறுபடி சாம்பார்.

"என்ன சாம்பார்?"

"வெங்காய சாம்பார்ம்மா."

"பெருமாளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "அப்பா காதுல விழுந்தா உத்தர வீதிக்குள்ளயே விடமாட்டார் அண்ணா!"

"பொறுக்கி வெச்சீங்கன்னு சொல்லிட்டேன்ம்மா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். காவேரிப் பாலம் ஏறி இறங்கும் வரைக்கும் சிரித்தார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோதும் நிறுத்த முடியவில்லை. எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எத்தனை பேர் வரப்போறாளோ. அடுத்த தடவை பூசணிக்காய் சாம்பார்னு சொல்லுங்கோ."